வியூக விளையாட்டு வரைபடத்தில் நகரங்களை வரலாற்றில் இருந்த இடத்திலேயே வைப்பதா, ஆட்டத்துக்கு ஏற்றபடி நகர்த்துவதா?

நீங்கள் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்வியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் குறித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு நகரமாக வைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். ஏதோ ஒரு மூலையில் நாலைந்து நகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்திருக்கும். எனக்கு அது கிரேக்கத்தில் நடந்தது.

சிவிலைசேஷன் 6 என்று, கட்டம் கட்டமான வரைபடத்தில் நகரங்களை நிறுவிப் பேரரசு வளர்க்கும் கணினி விளையாட்டு ஒன்று உண்டு. அதற்காக மத்தியதரைக்கடல் வரைபடம் ஒன்று செய்தேன். வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து செய்தது, எட்டு மாதம் ஆனது. ஜிப்ரால்டரிலிருந்து கீழ்க்கரை வரை கடலின் நீளம் ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர். அதை 95 கட்டங்களில் அடக்கினேன். அப்படியென்றால் ஒரு கட்டம் 40 கிலோமீட்டர். இந்தக் கணக்குப்படி தீப்ஸ் ஏதென்ஸுக்கு அடுத்த கட்டத்திலேயே வந்துவிடுகிறது, கொரிந்து இரண்டாவது கட்டத்தில். அந்த விளையாட்டின் விதியோ, ஒரே நிலப்பரப்பில் இரண்டு நகரங்களுக்கு நடுவே மூன்று கட்டமாவது இருக்க வேண்டும் என்கிறது. ஸ்பார்ட்டா மட்டும் எப்படியோ தப்பித்தது.

முதல் பதிப்பில் அளவுதான் முக்கியம் என்று பிடிவாதமாக இருந்து தீப்ஸையும் கொரிந்தையும் எடுத்துவிட்டேன். ஏதென்ஸை எடுத்து ஆடிய நண்பர் நாற்பது சுற்று கழித்துச் சொன்னார்: "பக்கத்தில் சண்டை போட ஆளே இல்லையே." சுருக்கென்று இருந்தது. கிரேக்க வரலாறே பக்கத்து ஊர்க்காரர்களின் பகைதானே? கொரிந்து ஸ்பார்ட்டாவை உசுப்பிவிட்ட கதையை விட்டுவிட்டுக் கி.மு. 431-இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் தொடங்கிய போரை எப்படிச் சொல்வது? கிலோமீட்டர் சரியாக இருந்தது, வரலாறு போய்விட்டது.

அதனால் இரண்டாம் பதிப்பில் கிரேக்கத்தை இரண்டு மடங்குக்கு மேல் இழுத்தேன். அதற்கு ஈடாக லிபியாவின் பாலைவனக் கரையைச் சுருக்கினேன். உடனே "இது வரைபடமா, கேலிச்சித்திரமா?" என்று ஒருவர் எழுதினார். இப்போதும் சிலர் அப்படி நினைக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். உருண்டையைத் தட்டையாக்கும் எந்த வரைபடமும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் 1569-இல் வரைந்த முறையில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு பெரியது. அவரைக் குறை சொல்லவில்லை. மாலுமிக்குத் திசை வேண்டும், பரப்பளவு வேண்டாம், அதற்காக வரைந்தார். ஆடுகிறவருக்கு ஊர்களுக்கு நடுவே இடம் வேண்டும், அதற்காக நான் இழுத்தேன்.

ஆனால் ஒரு இடத்தில் நான் செய்தது தப்பு. கான்ஸ்டான்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லைச் சொல்கிறேன். இரண்டு கடலையும் தொடும் நகரம் என்பதால், அதை எடுத்தவர்தான் ஒவ்வொரு முறையும் ஜெயித்தார். சமநிலைக்காக அதை இரண்டு கட்டம் உள்நாட்டுக்குத் தள்ளி வைத்தேன். அன்றைக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. அப்புறம் ஒருவர் பொறுமையாக நீண்ட கடிதம் எழுதியிருந்தார். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு கதையை அதில் நினைவுபடுத்தினார். கான்ஸ்டான்டிநோபிளின் பழைய பெயர் பைசாந்தியம். எதிர்க்கரையில் சால்சிடோன் என்ற ஊர் பைசாந்தியத்துக்கு 17 ஆண்டு முன்பே உருவானது. அதைக் கேள்விப்பட்ட பாரசீகத் தளபதி மெகாபாசஸ், "இவ்வளவு நல்ல இடம் எதிரே இருக்கும்போது அங்கே போய்க் குடியேறினார்கள் என்றால், அவர்கள் குருடர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்" என்றாராம். நானும் அதையேதான் செய்திருக்கிறேன் என்று உறைத்தது. ஜலசந்தியை விட்டு விலக்கினால் அந்த ஊருக்கு அங்கே இருக்கக் காரணமே இல்லை.

திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தேன். பாஸ்பரஸ் ஜலசந்தி குறுகலான இடத்தில் சுமார் 700 மீட்டர்தான், 40 கிலோமீட்டர் கட்டத்தில் அதை வரையவே முடியாது. ஆனால் இந்த விளையாட்டில் நகரம் நிற்கும் கட்டம் இரண்டு பக்கமும் கடலைத் தொட்டால் கப்பல் நகரத்தின் வழியாகவே போகும். அந்த ஒரு கட்டமே ஜலசந்தி ஆகிவிட்டது.

சரி, அப்படியானால் சமநிலை? அதற்கும் வரலாறே வழி காட்டியது. அந்த நகரத்துக்கு நல்ல தண்ணீர் வசதி கிடையாது, 4-ஆம் நூற்றாண்டில் மேல்கால்வாய் கட்டித்தான் தூரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். 7-ஆம் நூற்றாண்டில் எகிப்து கைவிட்டுப் போகும்வரை தானியம் அங்கிருந்துதான் கப்பலில் வந்தது. ஆகவே சுற்றியிருந்த கட்டங்களில் நன்னீரையும் விளைச்சலையும் குறைத்தேன். இப்போது அதை எடுப்பவர் நைல் நதிப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே ஆட வேண்டும். அதன் பிறகு அவர் எப்போதும் ஜெயிப்பதில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, தூரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள். ஆற்றின் எந்தக் கரை, எந்தக் கணவாயின் வாயில், யாருக்கு யார் அண்டை என்பதைத் தொடாதீர்கள். ரோம் கடற்கரை ஊர் இல்லை என்று யாராவது வருவார்கள். ஆஸ்டியா துறைமுகம் 30 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது, ஒரே கட்டத்தில் இரண்டும் அடங்கும். அதற்காக ரோமை உள்ளே தள்ள வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. நகரப் பெயர்களைத் தமிழில் போட ஆசைப்பட்டேன். ஏதென்ஸ் என்று கொடுத்தால் "தெ"வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. ரோமில் முதல் எழுத்தே உடைந்து, நடுவில் ஒரு புள்ளி வட்டம் வந்தது. எழுத்துருவை ஐந்து முறை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேலையையே அந்த விளையாட்டில் யாரும் செய்யவில்லை. இத்தனை கோடிப் பேர் படிக்கிற எழுத்து இது. எட்டு மாதம் உழைத்த வரைபடத்தில் ஒரு ஊரின் பெயரைக்கூட என் மொழியில் எழுத முடியாமல், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடித்து வெளியிட்டேன். உங்கள் கருவியில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் தயவுசெய்து அது எது என்று கீழே எழுதுங்கள், வரைபடத்தை முதலிலிருந்து மாற்றிச் செய்யவும் தயாராக இருக்கிறேன்.