25 பேர் வந்த கலியாணத்தை விசா அதிகாரி நம்புவாரா?

கேள்வி: நான் ஸ்காபரோவில் இருக்கும் கனடியக் குடியுரிமையாளன். மனைவி யாழ்ப்பாணத்தில் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. வீட்டார் பேசிச் செய்த கலியாணம். 2024 ஆகஸ்டில் எழுத்து (சட்டப்படியான திருமணப் பதிவு) முடிந்தது. 2025 பெப்ரவரியில் ஊர்க் கோவிலில் தாலி கட்டினேன். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மனைவியின் பெரியப்பா காலமானார். அதனால் 25 பேரளவில்தான் வந்தார்கள். நாங்கள் வட்ஸ்அப்பில் கதைப்பதுதான் அதிகம், எழுதுவது குறைவு. செலவுக்குக் காசும் உறவினர் ஒருவர் மூலம்தான் கைமாறியது. அடுத்த முறை போகும்போது மண்டபம் எடுத்து வரவேற்பு வைத்து நிறையப் படம் எடுத்தால்தான் மனைவியைக் கனடாவுக்கு எடுக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பம் சரிவரும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: விண்ணப்பத்துக்காகவென்றே ஒரு வரவேற்பு வைக்காதீர்கள். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 4(1) பிரிவு இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. இந்தத் திருமணம் முக்கியமாகக் குடிவரவுப் பலனுக்காகச் செய்யப்பட்டதா என்பது ஒன்று. இது உண்மையான உறவா என்பது மற்றது. இரண்டில் ஒன்றில் தவறினாலே விண்ணப்பம் மறுக்கப்படலாம். முதலாவதற்குக் கலியாணம் நடந்த காலத்தில் உங்கள் இருவர் மனதிலும் என்ன இருந்தது என்று பார்ப்பார்கள். இரண்டாவதற்கு இன்று நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். தாலி கட்டி மாதக்கணக்கில் கழிந்தபின் வைக்கும் வரவேற்பு இந்த இரண்டுக்கும் பதிலாகாது. “இப்போது ஏன்?” என்ற புதுக் கேள்வியைத்தான் கிளப்பும்.

பேச்சுக் கலியாணத்தில் பலமான சான்று பெரும்பாலும் கலியாணத்துக்கு முன்னாலேயே கிடக்கிறது. பலர் அதைத் தேடுவதே இல்லை. சம்பந்தத்தை யார் கொண்டுவந்தார்? சாதகம் எப்போது கைமாறியது? பொருத்தம் பார்த்த தாள் இன்னும் வீட்டில் இருக்கிறதா? உங்கள் அம்மாவும் அவருடைய அம்மாவும் முதன்முதலில் தொலைபேசியில் பேசிய பிறகு படமோ செய்தியோ அனுப்பியிருந்தால் அதன் திகதி என்ன? உங்களுக்கு வேறு சம்பந்தங்கள் வந்து பொருந்தாமல் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். ஏன் இவரை என்பதற்கு அதிலேயே பாதி விடை இருக்கும். ‘பெற்றோர் பார்த்தார்கள், எங்களுக்கும் பிடித்தது’ என்ற ஒற்றை வரியை அதிகாரிகள் தினமும் வாசிக்கிறார்கள். உங்களுக்குள் என்ன பேசினீர்கள், எதில் தயங்கினீர்கள், அவருடைய ஆசிரியர் வேலை பற்றி என்ன முடிவெடுத்தீர்கள் என்பவை உங்கள் இருவருக்கு மட்டுமே உரியவை. அவற்றை விரிவாக எழுதுங்கள்.

அடுத்தது, உங்கள் வழக்கில் எனக்கு அதிகம் கவலை தருவது. உங்களுக்கு இரண்டு திகதிகள் இருக்கின்றன. ஊர் வழக்கில் தாலி ஏறியபின்தான் கணவன் மனைவி. சட்டத்தில் எழுத்து நடந்த அன்றே நீங்கள் மணமானவர். படிவங்களில் திருமணத் திகதி என்று கேட்கும் இடத்தில் எழுத்துத் திகதியையே போடுங்கள். சடங்கின் திகதியைத் தனியே விளக்குங்கள். 2024ஆம் ஆண்டுக்கான வருமான வரியில் தனியாள் என்று காட்டியிருந்தால் உடனே திருத்துங்கள். மணநிலை மாறினால் அடுத்த மாத முடிவுக்குள் கனடாவின் வருமான வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். துணை வெளிநாட்டில் இருப்பதால் இது மாறாது. மனைவியின் பக்கமும் பாருங்கள். அரசாங்க ஊழியர் என்பதால் தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதியப் பதிவில் உங்கள் பெயரைச் சேர்த்தாரா? பாடசாலையில் கலியாணத்துக்கு எடுத்த லீவுக்குப் பதிவு இருக்கிறதா? இவை விசாவுக்கென்று உருவான தாள்கள் அல்ல. அதனாலேயே அவற்றுக்கு மதிப்பு அதிகம். உங்கள் வேலையிடக் காப்புறுதியில் அவரைப் பயனாளியாகச் சேர்த்திருந்தால் அதன் பிரதியும் வேண்டும்.

25 பேர் என்பதற்கு வருவோம். எங்கள் கலியாணங்கள் பெரிதாக நடப்பவை என்று அதிகாரிக்குத் தெரியும். ஆகவே சிறிய கலியாணம் கண்ணில் படும். அதை மறைக்க வேண்டாம், காரணத்தைச் சொல்லுங்கள். பெரியப்பாவின் மரணச் சான்றிதழ், அந்தியேட்டி (இறந்தவருக்கான கிரியை) அழைப்பு இருந்தால் அது, இழவு வீடு என்பதால் எளிமையாகச் செய்வோம் என்று இரு வீட்டாரும் முடிவெடுத்ததைச் சொல்லும் மூத்தவர் ஒருவரின் கடிதம் ஆகியவை போதும். படங்களில் தரம் பார்க்காதீர்கள், வரிசையைப் பாருங்கள். பொன்னுருக்கல் (தாலிக்குப் பொன் உருக்குவது), தாலி கட்டு, கால்மாறிப் போனது (மணமக்கள் மற்ற வீட்டுக்குப் போவது), பிறகு வீட்டில் சும்மா இருந்து தேத்தண்ணி குடித்தது என்று நாட்கள் நகர்வது தெரிய வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், நிற்பவர் உங்களுக்கு என்ன முறை என்று எழுதுங்கள். ஆவணப் பட்டியல் அனுமதிப்பது அதிகபட்சம் 20 படங்கள். தொடர்பாடலுக்கு 10 பக்கங்கள். பட்டியல் மாறுவதுண்டு, அனுப்புமுன் புதிய பிரதியைப் பாருங்கள். இருபது படத்தில் பதினைந்து மணவறைப் படமாக இருந்தால் இடத்தை வீணாக்கிவிட்டீர்கள்.

குரல் அழைப்புகள் சான்றாகாது என்பது தவறான எண்ணம். வட்ஸ்அப்பில் அழைப்பைத் தொட்டால் திகதி, நேரம், எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்பவை வரும். மாதம் ஒன்றுக்குச் சில திரைப்பிடிப்புகளை இன்றே எடுத்து வையுங்கள். தொலைபேசி மாறினால் போய்விடும். இனிமேல் சான்றுக்காகக் காதல் வசனம் எழுதத் தொடங்க வேண்டாம். ‘மருந்து எடுத்தீங்களா’, ‘அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்’ என்ற வரிகளே போதும்.

காசு விஷயத்தில் இனி வங்கி வழியாகவே அனுப்புங்கள். பழையதற்குப் பின்திகதியிட்டுப் பற்றுச்சீட்டு செய்ய யாராவது முன்வந்தால் விலகி நில்லுங்கள். பொய்த்தகவல் என்று தீர்மானித்தால் மனைவிக்கு 5 ஆண்டுத் தடை வரும். காசு எப்படிப் போனது என்பதை உங்கள் சட்டத்தரணியிடம் முழுமையாகச் சொல்லி, அவர் பார்த்த பின்னரே விளக்கத்தை எழுதுங்கள்.

தமிழில் உள்ள அழைப்பிதழ், செய்திகள் எல்லாவற்றுக்கும் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழும் தமிழ்தான். நீங்களோ குடும்பத்தவரோ மொழிபெயர்க்க முடியாது.

கனடாவுக்கு வெளியிலிருந்து செய்யும் குடும்பப் பிரிவு விண்ணப்பம் என்றால், மறுக்கப்பட்டாலும் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய சான்றுகளையும் வைக்கலாம். ஆனால் முதல் படிவத்தில் எழுதியது அங்கும் உங்கள் கூடவே வரும். ஆகவே உறவு விவரம் கேட்கும் 5532 படிவத்தின் பதில்களை நீங்களும் மனைவியும் முதலில் தனித்தனியே தாளில் எழுதிப் பாருங்கள். திகதிகள் முரண்பட்டால் ஒருவருக்கொருவர் சொல்லிப் பொருத்த வேண்டாம். கடவுச்சீட்டில் கட்டுநாயக்க விமான நிலைய முத்திரை, விமானச் சீட்டு, பழைய செய்தி எதையாவது எடுத்துச் சரிபாருங்கள்.