விளையை விற்ற பணமும் லெந்து உபவாசமும்

கேள்வி: திசையன்விளைப் பக்கம் எங்கள் ஊர். வயது 47. சபைக் கமிட்டியில் இருக்கிறேன். கோபம், இச்சை, பொய் எல்லாவற்றையும் தினமும் அறிக்கையிடுகிறேன். லெந்து என்னும் தவக்காலத்தின் 40 நாளும் உபவாசம். கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் இரண்டு தடவை அழுது ஒப்புக்கொடுத்தும் சமாதானம் இல்லை. காணிக்கையிலும் குறை வைத்ததில்லை. உயில் எழுதாமல் அப்பா காலமான பிறகு, பட்டா மாற்ற என்று தங்கச்சியிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி விற்ற பனைவிளையின் (பனந்தோப்பின்) 12 லட்சத்தில்கூட 50,000 ரூபாய் கோயிலுக்குக் கொடுத்தேன். அவளுக்கு 40 பவுன் போட்டுத்தான் கட்டிக்கொடுத்தோம். அம்மா என்னோடு இருக்கிறார்கள். எங்கே குறை?

பதில்: தம்பி, 'பட்டா மாற்ற என்று' எழுதியிருக்கிறீர்களே, குறை அங்கேதான். காணிக்கைக் கணக்குச் சொல்லும்போது தானாக வந்து விழுந்த வார்த்தை. கோபத்துக்கும் இச்சைக்கும் அழுதிருக்கிறீர்கள். இதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அப்பா போன பிறகு அண்ணன்தான் தகப்பன் ஸ்தானம். அந்த நம்பிக்கையில்தான் அவள் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

40 பவுன் கதையை விடுங்கள். நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமம்; ஆண், பெண் பேதம் கிடையாது. தகப்பன் உயிரோடிருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கவும் கூடாது, 49-ஆம் பிரிவு. நீங்கள் இரண்டே பிள்ளைகள் என்றால் அம்மாவுக்கு 4 லட்சம், உங்களுக்கு 4, அவளுக்கு 4. கோயிலுக்குக் கொடுத்த 50,000-ஐ உங்கள் பங்கில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் காசில் நீங்கள் காணிக்கை போட முடியாது.

வேதம் இன்னும் கூடக் கேட்கிறது. லேவியராகமம் 6:5, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, குற்றநிவாரண பலியிடும் அதே நாளில் உரியவனிடம் கொடுக்கச் சொல்கிறது. அப்படியானால் 4,80,000. பணம் கொடுத்தால் பாவம் தீரும் என்று சொல்லவில்லை. அதைத் தீர்ப்பது இயேசுவின் இரத்தம். ஆனால் வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை 'நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்' என்ற பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார். மத்தேயு 5:24-இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போ என்கிறார். நீங்கள் போகவே இல்லை. உபவாசத்தை நிறுத்திவிட்டு முதலில் அவள் வீட்டுக்குப் போங்கள்.

போனில் பேசாதீர்கள். சபைப் போதகர் ஐயரையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நாலு பேர் முன்னால் அவள் 'சரி' என்றுதான் சொல்ல வேண்டிவரும். மச்சான் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள், ஏனென்றால் இத்தனை வருஷமும் அண்ணன் செய்ததற்கு அவரிடம் பேச்சு வாங்கியிருக்கக் கூடியவள் அவள். 'தப்பு நடந்துபோச்சு' என்று ஆரம்பிக்கவே கூடாது. தானாக நடக்கவில்லை, நீங்கள் செய்தீர்கள். 'பட்டாவுக்குன்னு பொய் சொல்லி உன் பங்கை எழுதி வாங்கினேன். வித்த பணத்துல உனக்கு 4 லட்சம். அத நான் எடுத்துக்கிட்டேன்.' அவ்வளவுதான். கடன் இருந்தது, வீட்டுக்காரி சொன்னாள் என்று ஒரு வார்த்தை சேர்த்தாலும் அறிக்கை கெட்டுப்போகும்.

பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கியவருக்குத்தான் அபராதம். அந்தத் தொல்லையும் அவளுக்கு வேண்டாம். முழுசாகக் கையில் இல்லையென்றால் இருப்பதை அன்றே கொடுத்து, மிச்சத்துக்குத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். சீர் என்று பெயர் வைக்காதீர்கள், அது அவள் பங்கு. அம்மாவின் 4 லட்சத்தையும் அவர்கள் பெயரிலேயே வங்கியில் போடுங்கள்.

அவள் கதவைச் சாத்தினால் கோபப்படாமல் திரும்பி வாருங்கள். பணத்தை அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் மறுபடியும் போங்கள். கோயில் அசன விருந்துக்கு வா என்று இப்போது கூப்பிட வேண்டாம்.