மடித்தால் விரிசல் விடும் கைக்காகிதம்: கோளாறு எங்கே?

கேள்வி: பழைய நாளிதழ்களை ஊறவைத்து, மிக்ஸியில் மைய அரைத்து வீட்டிலேயே காகிதம் செய்கிறேன். சாம்பல் நிறமாக வருகிறது. மடித்தால் விரிசல் விடுகிறது, பேனாவில் எழுதினால் மை பரவுகிறது. வாழ்த்து அட்டை செய்யும் அளவுக்குத் தரமாக வர என்ன வழி?

பதில்: முதலில் மைய அரைப்பதை நிறுத்துங்கள். நார்கள் நீளமாக இருந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால்தான் காகிதத்துக்கு வலு. பிளேடு ஓட ஓட நார் துண்டாகிறது. நாளிதழ்த் தாளில் நார் முன்பே குட்டை. போதாக்குறைக்கு, வெயில் பட்டால் பழுப்பேற வைக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் அதில் தங்கியிருக்கும். சாம்பல் நிறம் அச்சு மையின் வேலை.

அட்டைக்கு நாளிதழ் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளின் பழைய நோட்டு, ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள் போதும். பின்னை மட்டும் எடுத்துவிடுங்கள். லேமினேஷன் போட்ட கல்யாணப் பத்திரிகை கரையாது. கடை பில் தாளில் ரசாயனப் பூச்சு இருப்பதால் அதையும் சேர்க்காதீர்கள்.

நகமளவு கிழித்து ஓரிரவு ஊறவையுங்கள். ஒரு கைப்பிடித் தாளுக்கு முக்கால் ஜார் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டுச் சில சுற்று ஓட்டினால் போதும். சமையலுக்கு வைத்திருக்கும் ஜார் இதற்கு ஆகாது. பதம் பார்க்க, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கூழைக் கலக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். எழுத்து தெரியும் துணுக்குகள் இல்லாமல், மெல்லிய நார்கள் மேகம் போலப் பரவி நின்றால் அதுதான் பதம்.

பருத்தித் துணியிலிருந்து செய்யும் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதத்தின் உறுதியைப் பார்த்துவிட்டுப் பழைய வேட்டியை மிக்ஸியில் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். துணி பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் புகையும். பருத்தியை அடித்துக் கூழாக்கத் தொழிற்கூடங்களில் ஹாலண்டர் பீட்டர் என்ற தனி இயந்திரமே உண்டு.

வலை அடித்த சட்டத்தைக் கூழ்த் தொட்டியில் முக்கிச் சமமாகத் தூக்குங்கள். தண்ணீர் வடியும்போதே முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் லேசாக அசைத்தால் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக்கொள்ளும். நீர் வடிந்த பிறகு அசைத்தால் தாள் பிளந்துவிடும். துணியில் கவிழ்த்து, இரு பலகைக்கிடையே நன்றாக அழுத்தி நீரைப் பிழிந்துவிட்டு, கண்ணாடியிலோ எவர்சில்வர் தட்டிலோ ஒட்டிக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் அப்பளமாகச் சுருளும்.

மை பரவுவதற்குக் காரணம் பசையின்மை. கடையில் வாங்கும் எழுதுதாளில் நீரை உறிஞ்சவிடாத பசை சேர்த்திருப்பார்கள். நீங்கள் பருத்திப் புடவைக்குப் போடும் ஜவ்வரிசிக் கஞ்சியையே வடிகட்டி, நீர்க்க ஆக்கி, நன்றாகக் காய்ந்த தாளின் இரு பக்கமும் தூரிகையால் பூசி மீண்டும் காயவிடுங்கள். கெட்டியாகப் பூசினால் தாள் மொடமொடப்பாகி மடிப்பில் உடையும், பூச்சியும் வரும்.

மிஞ்சிய கூழை சிங்க்கில் கொட்டினால் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். துணியில் வடிகட்டி, உருண்டை பிடித்து வெயிலில் காயவையுங்கள். அடுத்த முறை ஊறவைத்துக்கொள்ளலாம்.