பட்டறைப் பதில்கள்: எந்தக் கத்திக்கு எந்த வீல்?

கேள்வி: மீன் வெட்டும் கத்திகள் செய்து விற்கத் தொடங்கியிருக்கிறேன். 50 மில்லிமீட்டர் அகலம், 1,830 மில்லிமீட்டர் நீள உப்புத்தாள் பெல்ட் ஓடும் கிரைண்டர் ஒன்றைச் செய்து வாங்கிவிட்டேன். பெல்ட்டுக்குப் பின்னால் நின்று கத்தியின் அழுத்தத்தைத் தாங்கும் ரப்பர் முக வீல், அதாவது காண்டாக்ட் வீல்தான் பாக்கி. பிளைவுட்டை வட்டமாக அறுத்து லாரி டியூபை ஒட்டினால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா? எட்டு அங்குல வீலா, பன்னிரண்டு அங்குல வீலா?
வாசகர், தங்கச்சிமடம்

பதில்: பிளைவுட் வேண்டாம், தம்பி. இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊர் உங்களுடையது. ஐப்பசி மழையில் வீட்டுக் கதவே நிலையோடு இறுகிக்கொள்கிறது. பிளைவுட் வீல் ஈரம் குடித்து ஊதும், பேரிங் உட்காரும் துளை இளகும். பெல்ட் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். எட்டு அங்குல வீல், அதாவது 200 மில்லிமீட்டர் வீல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,900 முறை சுற்றும். அதன் விளிம்பில் ஒட்டிய டியூப், தன் எடையைப் போல் 400 மடங்கு விசையோடு பிய்த்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். பசையை நம்பி அதற்கு நேர் எதிரே உட்காராதீர்கள்.

அடுத்தது அளவு. முதுகிலிருந்து வாய் நோக்கி மெலிந்து இறங்கும் பக்கத்தைத்தான் சாய்வு என்கிறோம். வீலில் சாய்வு பிடித்தால் கத்தியின் பக்கம் உள்குழிந்து வரும். சாய்வின் அகலத்தை அதே அகலத்தால் பெருக்கி, வீல் விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் குழிவின் ஆழம் கிடைக்கும். 25 மில்லிமீட்டர் அகலச் சாய்வை 200 மில்லிமீட்டர் வீலில் பிடித்தால் ஆழம் 0.78 மில்லிமீட்டர். உங்கள் தகடு 3 மில்லிமீட்டர் என்றால், முதுகிலிருந்து வாய்க்குப் போகும் சாய்வின் நடுவில் ஒரு பக்கத்துக்கு இருப்பதே 0.75 மில்லிமீட்டர்தான். வாய் பிறப்பதற்கு முன்பே இரண்டு குழிவும் நடுவில் சந்தித்து ஓட்டை விழுந்துவிடும். பன்னிரண்டு அங்குல வீலில், அதாவது 300 மில்லிமீட்டர் வீலில், ஆழம் 0.52, தகடு தப்பிக்கும், ஆனால் நடுவில் அரை மில்லிமீட்டர்கூட மிஞ்சாது.

அப்படி மெலிந்த கத்தி கணவாய் சுத்தம் செய்ய ஆகும். சீலாவின் நடுமுள்ளில் ஓங்கிப் போட்டால் வாய் உதிர்ந்துவிடும். சந்தையில் நாள் முழுவதும் முள்ளை வெட்டுகிற பெண்கள் கையில் அதைக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மீன் கத்திக்கு வீலின் வேலை, அதிகப்படி இரும்பை வேகமாகத் தின்று தள்ளுவது மட்டும். அதன் பிறகு பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சமதளத் தகட்டில் சாய்வை முடியுங்கள். இதற்கு எட்டு அங்குலம் தாராளம். பன்னிரண்டுக்கு ஆகும் கூடுதல் பணத்தை நல்ல பெல்ட்டுகளில் போடுங்கள்.

வீலைச் செய்தே தீர வேண்டுமென்றால் அலுமினியத்தில் கடையச் சொல்லுங்கள். பேரிங் உட்காரும் இரண்டு இடத்தையும், வேலைத் துண்டைக் கடைசல் மிஷினின் பிடியான சக்கிலிருந்து கழற்றாமல், ஒரே பிடிப்பில் போர் அடிக்க, அதாவது துளையைக் கடைய வேண்டும். கழற்றி மாட்டினால் இரண்டும் ஒரே கோட்டில் வராது. 6203 எண்ணுள்ள பேரிங் போதும். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேளுங்கள், உப்புக்காற்றுக்கு அதுதான் தாங்கும். ரப்பரை ஒட்டக் கூடாது, சுட்டுப் பிணைக்க வேண்டும். அச்சகத்துக்கும் ஆலைகளுக்கும் ரோலருக்கு ரப்பர் போட்டுக் கொடுக்கும் பட்டறைகள் செய்கிற வேலை அது. கடினம் ஷோர் ஏ அளவில் 70 என்று எழுதியே கொடுங்கள். 40, 50 என்றால் மெருகுக்கு நன்று, ஆனால் சாய்வின் விளிம்புக் கோடுகள் மழுங்கும். சாய்வாகப் பள்ளம் வெட்டிய வீல் வேகமாகத் தின்னும், சத்தமும் போடும். ஒரே ஒரு வீல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் பள்ளமில்லாததே நல்லது. வீலின் முகம் தட்டையாக இருக்கட்டும். நடு உயர்ந்திருக்க வேண்டியது பெல்ட்டைத் திருப்பி நிறுத்தும் மேல் வீல்தான்.

வீல் வந்ததும் அதன் ஷாஃப்டிலேயே மாட்டி, ரப்பருக்கு மிக அருகில் ஒரு பென்சில் முனையை அசையாமல் வைத்துக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் உரசி ஓரிடத்தில் விலகினால் திருப்பி அனுப்புங்கள். அந்த ஆட்டத்தோடு ஓட்டினால் கத்தியின் பக்கத்தில் ஒரே இடைவெளியில் குறுக்குவரிகள் விழும். எந்த பெல்ட்டாலும் அதைப் போக்க முடியாது.

கேள்வி: பாளை அரிவாளின் உள்வளைவை பெல்ட்டில் பிடிக்க முடியுமா?
வாசகர், சாயல்குடி

பதில்: முடியும் ஐயா, 50 மில்லிமீட்டர் அகல வீலில் அல்ல. உள்வளைவில் அதன் நடுப்பகுதி வாயைத் தொடாது, இரண்டு ஓரமும் கடித்துப் பள்ளம் போடும். 25 மில்லிமீட்டர் அகல வீல் ஒன்று, ஓரங்கள் உருட்டப்பட்டதாக, அதே அகல பெல்ட்டோடு வேண்டும். வாய் மெல்லியது என்பதால் சட்டென்று சூடேறும். நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தின் பதம் போயிற்று. ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள், வெறுங்கையால் பிடியுங்கள். சூடு முதலில் விரலுக்குத் தெரிய வேண்டும். கடைசிக் கூர்மையை உங்கள் தீட்டுப் பலகையிலேயே ஏற்றுங்கள்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் கத்தி விற்பனை இல்லை. மிஷினை எப்படி வைப்பது?
வாசகர், மண்டபம்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அது சும்மா நிற்கும். ஸ்பிரிங்கைத் தளர்த்தி பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். இழுவையோடு நின்றால் ரப்பர் அழுந்திய இடத்தில் தட்டையாகிவிடும். பெல்ட்டுகளை மடிக்காமல் வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். வீலை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர விடுங்கள்; மண்ணெண்ணெய், டீசல் பட்டால் ரப்பர் ஊதும். வெயிலும் ஆகாது, வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகிலும் வைக்காதீர்கள், வெடிப்பு விடும். ஷாஃப்டுக்குக் கிரீஸ் தடவுங்கள். ஜூன் முதல் வாரமே பழைய பெல்ட் ஒன்றை மாட்டி ஓட்டிப் பாருங்கள். பேரிங் கரகரத்தால், படகுகள் இறங்குவதற்குள் ராமநாதபுரம் போய் வேறு வாங்கி வர நேரம் இருக்கும்.