அப்பாவின் இரத்த ஓட்டம் சீராக மலைப்பூண்டு போதுமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பூண்டு சாப்பிடட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம். இரண்டையும் சேர்த்து எடுக்கிறார் என்றால் மருத்துவர் காதில் அதை முதலில் போட்டுவிடுங்கள். பதில் இவ்வளவுதான். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் மாமனார் கண்முன் வந்து நின்றுவிட்டார், அதனால்தான் மீதியை எழுதுகிறேன்.

நாங்கள் கொடைக்கானல் மலையில் பூம்பாறைக்காரர்கள். மலைப்பூண்டுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் காட்டியவர் மாமா. ஆகவே பூண்டின் மேல் உனக்கு என்ன விரோதம் என்று யாரும் கிளம்பி வரவேண்டாம். மருந்துக் கம்பெனியின் ஆள் என்று பட்டம் கட்டவும் வேண்டாம். நான் மருத்துவரும் அல்ல.

மாமாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அதாவது அடைபட்ட இரத்தக்குழாயை விரித்துவைக்கும் சிறு வலைக்குழாய். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று மாத்திரைகள். உங்கள் அப்பாவைப் போலத்தான் அவரும். டப்பாவைப் பார்த்தாலே முகம் சுண்டிவிடும். பூண்டு என்றால் மட்டும் கூப்பிடவே வேண்டாம். விடியுமுன் எழுந்து, அடுப்புக்கு மேலே தாளோடு, அதாவது காய்ந்த தண்டோடு, கட்டித் தொங்கும் பூண்டை இறக்கி, புகையேறிய தோலை உரித்து, வெற்றிலை உரலில் போட்டு இடிப்பார். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுத் தேனில் குழைத்து விழுங்குவார். அந்தக் கொஞ்ச நேரத்தில் விஷயம் இருக்கிறது. பூண்டை நசுக்கும்போதுதான் அதிலுள்ள நொதி வேலை செய்து, பூண்டின் காரமான வாசனைக்குக் காரணமான அல்லிசின் உண்டாகிறது. நசுக்கிய கையோடு கொதிக்கும் ரசத்தில் போட்டால் நொதி செயலிழந்துவிடும். மாமாவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவர் அம்மா செய்தார், அவரும் செய்தார்.

ஒருநாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பஞ்சை மாற்றி மாற்றி வைத்தும் இரத்தம் நிற்கவில்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேர்வதற்குள் தோள் துண்டு நனைந்துவிட்டது. வந்த வழியே கூட்டிக்கொண்டு போனோம். "மாத்திரையெல்லாம் சொன்னீர்கள், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் ஐயா?" என்று பல் மருத்துவர் கேட்டார். "மருந்தா? ஒன்றும் கிடையாது. பூண்டுதான்" என்றார் மாமா, கௌரவமாக. எவ்வளவு என்றதற்கு உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். அந்த அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைப்பதற்குத்தான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும். பச்சைப் பூண்டு அதிகமானால் அதுவும் அதே வேலையைச் செய்யும். தையல் போட்டபின்தான் இரத்தம் நின்றது. பூண்டு எத்தனை பங்கு, மாத்திரை எத்தனை பங்கு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையக்கூடும். அது இதைவிடப் பெரிய ஆபத்து. இப்போது மாமாவுக்குப் பூண்டு, குழம்பில் விழுவதோடு சரி. பல் பிடுங்குவது, அறுவைச் சிகிச்சை என்று எது வந்தாலும் பூண்டு, மீன் எண்ணெய், லேகியம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

பூண்டில் ஒன்றுமே இல்லை என்கிற மெத்தப் படித்தவர்களோடும் எனக்குச் சண்டைதான். இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அடைப்பை ஒரே வாரத்தில் கரைக்கும் என்று வீடியோ போடுகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் என்றால், மலையில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தைக் கால்வலிக்கு அள்ளிப் பூச வேண்டாம். அதிலிருக்கும் மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவு. தோல் வழியாகவும் உள்ளே போய் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

உணவில்தான் கைவைக்க வேண்டும் என்றால் உப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் குளிர் வந்தால் கருவாடு, அப்பளம், ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. அதையெல்லாம் குறைத்து, மாமாவைத் தினமும் நடக்க வைத்தபின்தான் அழுத்தம் இறங்கியது. முதல் வாரம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். உங்கள் அப்பாவும் போவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கொடைக்கானல் வந்து பூண்டு வாங்கியே தீருவேன் என்றால் ஒரு வார்த்தை. எங்கிருந்தோ லாரியில் வந்த பூண்டைக் கோணியில் கொட்டி 'மலைப்பூண்டு' என்று பலகை வைத்துவிடுகிறார்கள். நாங்கள் வடுகபட்டிச் சந்தைக்குச் சுமந்துபோய் விலைக்குத் தொங்கிக்கொண்டிருக்க, இங்கே அவர்கள் சுற்றுலாக்காரர்களிடம் இரட்டை விலை வாங்குகிறார்கள். குறியீடு வாங்கி என்ன பயன், கேட்க நாதியில்லை. தாளோடு கட்டிய பூண்டாகப் பார்த்து வாங்குங்கள். தாளை அறுத்துக் குவித்ததில் எது எங்கள் பூண்டு என்று எங்களுக்கே அடையாளம் தெரியாது.