கடிதம்: தோட்டத்தில் சாதி இல்லையா?

அன்புள்ள ஐயா,

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் கணக்காளராக இருக்கிறேன். தமிழ்நாட்டில் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக ஊருக்குப் போய்வந்தேன். பல சாதியினர் கலந்து வாழும் ஊர். ஆனாலும் எங்கள் உறவுப் பெண்கள் யாரும் கூலி வேலைக்குப் போவதில்லை. கலந்து வாழும் ஊரில் கட்டுப்பாடு தளரும் என்றல்லவா நினைத்தேன்? இங்கே நம் ரப்பர் தோட்டங்களில் சாதி பார்க்காமல் எல்லாப் பெண்களும் வேலைக்குப் போனார்களே?

க.

அன்புள்ள க.,

கலந்தா வாழ்கிறார்கள்? தெருத்தெருவாகப் பிரிந்து, அடுத்த தெரு என்ன பேசும் என்று பார்த்தபடி வாழ்கிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் ‘எங்கள் வீட்டுப் பெண் அடுத்தவன் வயலில் குனிய மாட்டாள்’ என்று காட்டிக்கொள்ள ஆள் வேண்டும். பல சாதி ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. நீங்கள் உறவுக்காரர் தெருவைத் தாண்டினீர்களா அம்மா? நாற்று நட்டவர்கள் அந்தப் பக்கம் இருந்திருப்பார்கள்.

2005 சட்டத்தில் வந்த நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூலி கொடுத்தது அரசாங்கம், பண்ணையார் அல்ல. அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் கடைசி வரிதான் எனக்கு எரிச்சல். தோட்டத்தில் சாதி இல்லையாம்! தோட்டத்துக்கு ஆள் பிடித்துவந்து மேற்பார்த்த கங்காணி தன் ஊர், தன் சாதி ஆட்களையே திரட்டிவந்தார். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தையே சாதிவாரியாகப் பிரித்த தோட்டங்கள் உண்டு. ஆண் கூலி மட்டும் அடுப்பெரிக்கப் போதாது, அதனால் பெண்கள் போனார்கள். 1920களின் இறுதியில் மலாயாவின் சில பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40.

என் அம்மா தம்பியைப் பிள்ளை பார்க்கும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இருட்டோடு போவார். மரம் சீவி, பால் வடியும் கிண்ணமான மங்கு மங்காகப் பாலெடுத்து, காண்டாத் தடியில் இரண்டு வாளி தூக்கி ஸ்டோருக்கு வருவார். சேலையில், காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலான ஒட்டுப்பால் நாற்றம் போகவே போகாது. சம்பள நாளில் கைநாட்டு அம்மாவுடையது, பணம் அப்பா கையில். யாரும் கௌரவக் குறைச்சல் என்று சொல்லவில்லை. லயத்தில் எல்லார் வீட்டுப் பெண்ணும் அதே துரைக்குத்தானே உழைத்தாள், யாரிடம் காட்டிக்கொள்வது?

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்ததும் கதை மாறியது. 1972-க்குப் பிறகு பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பேக்டரிகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகக் கம்பெனி பஸ் வாசலுக்கே வந்தது. தோட்டத்தில் பால் வெட்டிய சித்தியைச் சித்தப்பா அதில் ஏற விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாத்தியார், எதிர்வீட்டில் போலீஸ்காரர். சித்தி வீட்டிலேயே முறுக்குச் சுட்டு விற்றார், அதுவும் பின்வாசல் வழியாக.

அடுத்தமுறை ஊருக்குப் போனால் அந்தத் தெருவுக்கும் போங்கள். கணக்காளர்தானே, கூலி யார் கையில் போய்ச் சேர்கிறது என்றும் கேட்டு எழுதுங்கள்.