பதில்: செஸ்னாவிலிருந்து எடுத்த பிச்சாவரம் படங்கள் மங்கல், வானவில் திட்டுகள்

வணக்கம் நண்பரே. செஸ்னா 172 என்ற சிறு விமானத்திலிருந்து எடுத்த பிச்சாவரம் படங்கள் மங்கலாகவும் வானவில் திட்டுகளோடும் வந்தன என்று கேட்டிருந்தீர்கள். 1/200 வினாடி ஷட்டர், எஃப் 11 (சிறிய லென்ஸ் துளை), போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் வடிகட்டி), லென்ஸை ஜன்னலில் ஒட்டி வைத்தது என்றும் எழுதியிருந்தீர்கள். கோளாறு கேமராவில் இல்லை.

வானவில் திட்டுக்குக் காரணம் போலரைசர். விமான ஜன்னல் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். வார்க்கும்போதும் வளைக்கும்போதும் அதில் தங்கிய இறுக்கத்தைப் போலரைசர் வண்ணமாகக் காட்டிவிடும். கழற்றிவிடுங்கள்.

மங்கலுக்கு எஞ்சின் அதிர்வுதான் காரணம். லென்ஸ் ஜன்னலைத் தொடவே கூடாது, இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். முழங்கையைக் கதவில் ஊன்றாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/1000 வினாடியை விட மெதுவாக வேண்டாம். எஃப் 5.6 தாராளம், எல்லாமே தூரத்தில் இருக்கும்போது எஃப் 11 எதற்கு? வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றுங்கள். கறுப்புச் சட்டை போட்டால் ஜன்னலில் விழும் பிரதிபலிப்பு குறையும். ஜன்னல் திறக்குமா என்று பைலட்டிடம் கேளுங்கள். திறந்தால் லென்ஸ் ஹூடைக் (லென்ஸ் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) கழற்றிவிட்டு, கேமராவை வெளியே நீட்டாமல் எடுங்கள். காற்று பிடுங்கிவிடும்.

தூரத்துக் காட்சியில் படியும் நீலப் புகைமூட்டத்துக்கு, மழை விட்ட மறுநாள் காலை பறப்பதே மருந்து. RAW வடிவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பாக) எடுத்தால் மிச்சத்தைப் பிறகு சரிசெய்யலாம்.

புதுச்சேரியிலிருந்து தெற்கே போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கெடிலம், பெண்ணையாறு, வயல்கள் எல்லாம் நிறத்தோடு விழும். பிச்சாவரத்தில் மட்டும் இதை மாற்றுங்கள்: வெயிலை எதிர்நோக்கி எடுத்தால்தான் கால்வாய்கள் வெள்ளிக்கம்பியாய் மின்னும், அலையாத்தி மரங்கள் கறுத்து நிற்கும். இறக்கைத் தண்டும் சக்கரமும் படத்தில் விழுந்தால், உங்கள் பக்கம் சற்றுச் சாய்த்துத் திருப்பச் சொல்லுங்கள்.

வானிலிருந்து படமெடுக்க அனுமதி விதிகள் உண்டு. அனுமதி இருக்கிறதா என்று விமானம் இயக்குபவரிடம் முன்பே எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.